வலது கையின் மேல் ஒரு வழக்கு

பத்து மாதம் என் வலது கையை நான் நம்பவில்லை. பார்ப்பதற்கு அதில் ஒரு குறையும் தெரியாது. சோறு பிசையும், கையெழுத்துப் போடும், கொசு அடிக்கும். ஆனால் என்னைக் கேட்காமல் ஒரு நாள் அது ஒரு காரியம் செய்துவிட்டது, இன்னொரு நாளும் செய்யும் என்ற நினைப்பு விடாமல் கூடவே இருந்தது. அந்தக் கையில் டீக் கிளாசைத் தூக்கினால் இடது கை தானாகப் போய் அடியில் காவல் நிற்கும். டீக்கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு மட்டும் முக்கால் கிளாஸ் ஊற்ற ஆரம்பித்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் எங்களுக்குச் சாக்கு மொத்த வியாபாரம். புதுச் சாக்கு, பழைய சாக்கு, சணல், மூட்டை தைக்கிற ஊசி. கீழே கடை, பின்பக்கம் குடோன், மேலே வீடு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், கடையில் இரண்டும் கலந்த ஒன்று. எனக்கு இருபத்தேழு வயது. பகல் முழுக்கச் சாக்கு விற்றேன். ஞாயிற்றுக்கிழமையானால் பைக் ஓட்டினேன். ரோட்டில் இல்லை, டிராக்கில்.

டிராக் என்றதும் டிவியில் காட்டுகிற மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். வித்துராவுக்கு அப்பால், மலை தொடங்குகிற இடத்தில், கைவிடப்பட்ட ஒரு கருங்கல் குவாரி. பாதியில் தண்ணீர் நின்று பச்சையாகக் குளம் கட்டியிருந்தது. ஆழம் எவ்வளவு என்று அங்கே யாருக்கும் தெரியாது. கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பனைமரக் கணக்குச் சொல்வார்கள். மீதிப் பாதியைக் கல்தூள் கொட்டிச் சமன் செய்து, எங்களைப் போல வண்டிப் பைத்தியம் பிடித்த ஏழெட்டுப் பேர் ஐந்து வளைவு உள்ள ஒரு மண் டிராக் உண்டாக்கியிருந்தோம். நான்கு வளைவுகள் அகலமானவை, வண்டியைச் சாய்த்தாலே போதும். மூன்றாவது மட்டும் கொண்டை ஊசி. அங்கே ஹேண்டிலை இடது பக்கம் கிட்டத்தட்ட முழுக்கத் திருப்ப வேண்டும். வளைவுக்கு வெளியே பழைய டயர் அடுக்கி ஒரு சுவர், அதற்கப்பால் ஒற்றைக் கொல்லா மரம், முந்திரி மரம்தான், அதற்கப்பால் குழி.

வண்டி நூறு சிசி டூ-ஸ்ட்ரோக். விளக்கு, ஹாரன், சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றியெறிந்துவிட்டதால் ரோட்டில் ஓட்ட முடியாது. குடோனில் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே நிற்கும். ஞாயிறு காலையில் மெக்கானிக் ஜீப்பும் டிரெய்லரும் கொண்டுவந்து ஏற்றிப் போவான். மெக்கானிக்குக்கு என் வயதுதான், மலையாளி. எங்கள் சாலைக் கடைத்தெருத் தமிழர்களை எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி என்னையும் அண்ணாச்சி என்பான். மரியாதையா கிண்டலா என்பதை அவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு அந்த வண்டி ஆகாது. பெயர் சொல்லக்கூட மாட்டார். சவம் என்பார். "அந்தச் சவத்த எங்கயாவது கொண்டு தள்ளுடே." "சவத்துக்குப் பக்கத்துல அடுக்காத, சாக்குல பெட்ரோல் நாத்தம் அடிக்கி." நான் டிராக்குக்குப் போகிற நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேப்பர் படிப்பார். வண்டியை அவர் கையால் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

அப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தொங்குகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கொடிக்கயிறு தொய்ந்திருந்தால் இழுத்துக் கட்டுவார். டெலிபோன் வயர் மேசையிலிருந்து தொங்கினால் மேசைக் காலோடு சேர்த்துக் கட்டுவார். பக்கத்துக் கடை அண்ணாச்சியின் சைக்கிள் கேரியரில் ரப்பர் பட்டை தளர்ந்து கிடந்தால் அவருக்குத் தெரியாமல் போய் அதையும் இறுக்கிவிட்டு வருவார். இடுப்பில் எப்போதும் ஒரு சாண் சணல் செருகியிருக்கும். அவர் போடுவது மூட்டைக்காரர் கட்டு. இரண்டு சுற்று சுற்றி, மூன்றாவதை இரண்டுக்கும் அடியில் கொடுத்து, பல்லைக் கடித்து ஒரே இழுப்பு. இழுக்க இழுக்க இறுகும். அவிழ்க்கவே முடியாது, அறுக்கத்தான் வேண்டும். லோடு ஏற்றுகிறவர்கள் கட்டைப் பார்த்தே, "இது முதலாளி கெட்டியது" என்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கட்டு கடைசிவரை வரவில்லை. நான் கட்டினால் லாரி பாறசாலை தாண்டுவதற்குள் வாய் திறந்துவிடும்.

விழுந்த நாளைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. இரண்டு சுற்று சும்மா ஓட்டினேன், வளைவுகளை அகலமாக எடுத்து, மெதுவாக. மூன்றாவது சுற்றில் வேகம் பிடித்தேன். கொண்டை ஊசி வளைவு வந்தது. ஆக்சிலேட்டரை மூடினேன், பிரேக் போட்டேன், ஹேண்டிலைத் திருப்பினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது கொல்லா மர இலைகள். நடுவில் ஒரு மூன்று நொடி இருக்கும், அது இல்லை. யாரோ கத்திரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி.

பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் அந்த மூன்று நொடியை நிரப்பிக்கொண்டேன். வளைவின் நடுவே எஞ்சின் திடீரென்று அலறியதாம். வண்டி திரும்பாமல் நேராகப் பாய்ந்து டயர் சுவரை ஏறித் தாண்டியதாம். நான் மரத்தில் மாட்டிக்கொண்டேன். வண்டி மரத்துக்கு மறுபக்கம், குழியின் விளிம்பில், முன்சக்கரம் தண்ணீருக்கு மேலே சுற்றியபடி தொங்கியதாம். மாட்டியிருந்ததை எல்லாம் வெட்டுக்கத்தியால் அறுத்தெறிந்துதான் வண்டியை மேலே தூக்கினார்கள். எனக்கு வலது மணிக்கட்டில் இரண்டு எலும்பு, தோள்பட்டையில் ஒன்று.

மணிக்கட்டில் பிளேட் வைத்தார்கள். மூன்றாம் நாள் கூட்டாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், கையில் ஒரு பொட்டலம். பிரித்தால் முறுக்கு. ஒருவரும் சிரிக்கவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் கழித்துப் புரிந்துகொண்டேன். புதிதாக ஓட்டுகிறவன் பயந்தால் பிடியை விட மாட்டான், இன்னும் இறுக்கிப் பிடிப்பான். இறுக்கும்போது ஆக்சிலேட்டர் முறுகும். சைக்கிள் விட்டுப் புதிதாக ஸ்கூட்டருக்கு வருகிறவர்கள் செய்கிற தப்பு. ஆறு வருஷம் ஓட்டியவன் அதைச் செய்தால் வெளியே சொல்ல முடியாது. அன்றிலிருந்து டிராக்கில் என் பெயர் முறுக்கு.

"வண்டியில ஏதாவது இருந்திருக்கும்டே," என்று மெக்கானிக்கிடம் கெஞ்சினேன். அவன் வண்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தான்.

"அண்ணாச்சி, கேபிள் அறுந்து போயி, அது வெட்டினப்போ போயது. பின்ன மெஷீனுக்கு ஒரு கொழப்பமும் இல்ல கேட்டோ. இனி பாக்கி உள்ளது ஓட்டின ஆளுதான்."

அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வேளை அழுதாள், ஒரு வேளை திட்டினாள். அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. டிரிப்ஸ் குழாய் தொங்குவதையே பார்த்தார். பிறகு இடுப்பில் கையை விட்டுச் சணலை எடுத்தார். நர்ஸ் ஓடி வந்து, "ஐயோ, அச்சா, எந்தா காணிக்குந்நே" என்று கத்தி அவரை வராந்தாவுக்கு அனுப்பினாள், என்ன செய்கிறீர்கள் என்று. வலியோடு நான் சிரித்த ஒரே தடவை அதுதான்.

பிறகு பத்து மாதம். வண்டியைச் சரிசெய்து குடோனில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். சாக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் இருட்டில் அது நிற்பது தெரியும். நான் அதைத் தாண்டிப் போவேன், நின்று பார்க்க மாட்டேன். ஸ்கூட்டரில் ஏறினால்கூட, கிழக்கே கோட்டை வளைவில் பஸ் எதிரே வரும்போது, இப்போது இந்தக் கை முறுக்கிவிட்டால் என்ன ஆகும் என்று ஓரமாக நிறுத்திவிடுவேன். ஸ்கூட்டரையும் விட்டேன், நடந்தேன். இருபத்தெட்டு வயதில், கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில், நான் என் கைக்குப் பயந்து நடந்து போனேன். அவமானமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பத்து மாதத்தில் அப்பா தினமும் கடை திறப்பதற்கு முன்னால் பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பிள்ளையாரிடம் அவ்வளவு நெருக்கம் உள்ளவர் இல்லை அவர். பிளாஸ்டிக் சாக்கு வந்து வியாபாரத்தை அடித்துக்கொண்டிருந்த காலம். அதற்குத்தான் போகிறார் என்று எண்ணிக்கொண்டேன்.

திரும்பவும் ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்தது வீரத்தில் அல்ல. அந்த வளைவை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தால்தான் கையின் மேல் போட்ட வழக்கு தீரும். கை குற்றவாளி என்றால் வண்டியை விற்றுவிட்டு ஆயுசுக்கும் சாக்கு எண்ணலாம். இல்லையென்றால் ஒரு டீயாவது நிம்மதியாகக் குடிக்கலாம். சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். அம்மா கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அப்பா சவம் என்று தொடங்குவார் என்று காத்திருந்தேன்.

"எப்பம்?" என்றார்.

"வாற ஞாயித்துக்கெழம."

"ம். போ," என்றார், மோரை ஊற்றிக்கொண்டு.

அவர் திட்டியிருந்தால் தைரியமாக இருந்திருக்கும்.

ஞாயிறு விடிந்ததும் மெக்கானிக் வந்தான். குடோன் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினால் குடோன் ஏற்கெனவே திறந்திருந்தது. வாசலில் அப்பாவின் செருப்பு. உள்ளே விளக்கு போடாமல் என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்ப்பதற்குள் அவரே வெளியே வந்துவிட்டார். வேட்டியிலும் முழங்கையிலும் சணல் தூசி.

"எலி," என்றார். "சாக்கெல்லாம் கரும்புது. பாக்க வந்தேன்."

எங்கள் குடோனில் எலி உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஐம்பது வருஷமாக அதோடு சமாதானமாகத்தான் இருந்தோம். அவர் மாடிப்படி ஏறும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். நாங்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து டிரெய்லரில் ஏற்றினோம்.

பழவங்காடியில் நிறுத்தச் சொன்னேன். கோவில் முன்னால் தேங்காய் எறிகிற இடத்தில் வரிசை. என் முறை வந்தபோது வலது கையை ஓங்கினேன், பிளேட்டில் வலி சுரீர் என்றது. இடது கைக்கு மாற்றி எறிந்தேன். தேங்காய் உடையவில்லை. சுவரில் மோதி, தரையில் குதித்து, உருண்டு என் காலடிக்கே திரும்பி வந்து நின்றது. வரிசையில் இரண்டு பேர் விலகி நின்றார்கள். பின்னால் ஒரு அம்மா மெதுவாக, "ஒண்ணுகூடி எறியு, மோனே" என்று இன்னொரு தடவை எறியச் சொன்னார். இரண்டாம் தடவை உடைந்தது. ஜீப்பில் ஏறிய பிறகு மெக்கானிக் என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நமக்கு அடுத்த ஆழ்ச்ச போகாம்" என்றான், அடுத்த வாரம் போகலாம் என்று. வண்டியை எடுடே என்றேன்.

நெடுமங்காடு தாண்டினோம். வித்துராவில் டீ குடிக்க இறங்கவில்லை. மலைப்பக்கம் மேகம் அடிவாரம்வரை இறங்கியிருந்தது. குவாரிக்குள் ஜீப் திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது கொல்லா மரம். ஒரு கிளை முறிந்த இடம் இன்னும் வெளுப்பாக இருந்தது. அதற்குப் பின்னால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கூட்டாளிகள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் கேட்டான், "முறுக்கே, எந்து உண்டு விசேஷம்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாய் காய்ந்து உதடு பல்லில் ஒட்டியது.

ஹெல்மெட் போட்டேன். மெக்கானிக் உதைத்து ஸ்டார்ட் செய்து என்னிடம் கொடுத்தான். முதல் வளைவை நான் எடுத்த வேகத்தில் ஒரு பாட்டியம்மா காய்கறிக் கூடையோடு என்னைத் தாண்டிப் போயிருக்கலாம். இரண்டாவது வளைவும் அப்படியே. பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. அது பாராட்டு இல்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது வளைவு வந்தது. அங்கே தரை சற்றுச் சரிவு, வண்டி தானாக உருளும். இடது கையால் கிளட்சை முழுக்கப் பிடித்தேன். வலது கையை என்ன செய்வது? அது எதுவும் செய்யக்கூடாது. அதற்கு ஒரே வழிதான் எனக்குத் தோன்றியது. ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையைப் பிடியின் மேல் சும்மா வைத்தேன். பார், தொடவே இல்லை என்று யாருக்கோ காட்டுகிற மாதிரி. அப்படியே நடை வேகத்தில் உருண்டு போய் ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினேன்.

எஞ்சின் அலறியது.

விரல்கள் விரிந்தபடியே இருந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிளட்ச் பிடித்திருந்ததால் வண்டி பாயவில்லை. நின்ற இடத்தில் நின்று கத்தியது. காலை ஊன்றி ஹேண்டிலை நேராக்கினேன், கத்தல் அடங்கியது. இடது பக்கம் திருப்பினேன், அலறியது. நேராக்கினேன், அடங்கியது. இப்படி ஐந்து தடவையோ ஆறு தடவையோ செய்தேன். கையைப் பிடியிலிருந்து முழுக்க எடுத்துத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டும் ஒரு தடவை செய்தேன். ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் இல்லை. இந்தக் கை இல்லை. பத்து மாதம் ஒரு பாவமும் அறியாத கையைச் சந்தேகப்பட்டு நடந்திருக்கிறேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

மெக்கானிக் ஓடி வந்து எஞ்சினை அணைத்தான். நான் சொல்லவே தேவையில்லை, அவனுக்குச் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. மண்டியிட்டு டேங்குக்கு முன்னால், ஹேண்டிலுக்கு அடியில், கேபிள்கள் எல்லாம் சேர்ந்து இறங்குகிற இருட்டான இடத்தில் விரலை விட்டுத் தடவினான். விரல் நின்றது. டார்ச் அடித்தான்.

ஒரு கறுப்புச் சரடு. பழவங்காடிப் பக்கம் ஜபித்துக் கொடுப்பார்களே, அந்தச் சரடு. மெல்லிய நூல் அறுந்துவிடக்கூடாது என்று அதோடு நாலு இழை சணலைச் சேர்த்து முறுக்கியிருந்தது. ஆக்சிலேட்டர் கேபிள் அந்த இடத்தில் கொஞ்சம் தொய்ந்து தொங்கத்தான் வேண்டும், ஹேண்டில் திரும்பும்போது அந்தத் தொய்வுதான் இடம் கொடுக்கும். அந்தத் தொய்வை இழுத்து, வண்டியின் இரும்புக் குழாயோடு சேர்த்து, இறுக்கிக் கட்டியிருந்தது. இடது பக்கம் முழுக்கத் திருப்பினால் கேபிள் இழுபடும், ஆக்சிலேட்டர் தானாகத் திறக்கும். அகல வளைவில் தெரியவே தெரியாது.

இரண்டு சுற்று. மூன்றாவது இரண்டுக்கும் அடியில்.

அந்தக் கட்டைப் பார்த்ததும் என் சந்தோஷம் நின்றுவிட்டது. குடோன் வாசலில் கிடந்த செருப்பும், முழங்கைச் சணல் தூசியும், சாப்பாட்டில் அவர் சொன்ன "ம். போ"வும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலிலும் அவர் குடோனுக்குள் எலி பார்க்கப் போயிருக்கிறார்.

மெக்கானிக் எழுந்தான். முகம் சிவந்திருந்தது. "இது ஆரு கெட்டியது?"

கூட்டாளிகள் எல்லோரும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். நான் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான்," என்றேன்.

"நிங்களோ?"

"நான்தான் கெட்டினேன். சாமி சரடு."

"அப்ப முந்தி விழுந்ததும்...?"

"அன்னைக்கும் நான்தான்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டான். "எடோ, சாகான் இத்தற ஆசயாணெங்கில் ஆ கொளத்தில் சாடியா போரே? என்ட ஜீப்பிண்ட பெட்ரோலெங்கிலும் லாபம்." சாக அவ்வளவு ஆசையென்றால் குளத்தில் குதிக்க வேண்டியதுதானே, என் ஜீப்புக்குப் பெட்ரோலாவது மிஞ்சும் என்று. ஒருவன் சிரித்தான், அப்புறம் எல்லோரும். பயந்து முறுக்கியவன் என்ற பெயர் போய், தன் வண்டிக்குத் தானே தூக்குக் கயிறு கட்டியவன் என்ற பெயர் வந்தது. கைக்கு விடுதலை கிடைத்த அதே நிமிஷத்தில் நானாகப் போய் அதற்கு மறுபடியும் விலங்கு மாட்டிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கட்டை அவிழ்க்க முயன்று தோற்று, கடைசியில் கத்தியால் அறுத்தான். துண்டுகளை நான் கேட்டு வாங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பிறகு பன்னிரண்டு சுற்று ஓட்டினேன். மூன்றாவது வளைவைப் பன்னிரண்டு தடவை எடுத்தேன், கடைசி நாலு தடவை நல்ல வேகத்தில். கை சொன்னபடி கேட்டது. நான் நினைத்துக்கொண்டிருந்தது அதை அல்ல, வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்பதை.

அப்பா கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் அங்கே உட்காருவதில்லை.

"ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"விழல்லியே?"

"இல்லப்பா."

அவர் தெருவை ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ திருட்டைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். "சவத்துல ஒரு சரடு கெட்டி வச்சிருக்கேன். நீ பாத்தியோ என்னவோ. போன தடவையும் கெட்டினேன். அது இல்லேன்னா அன்னைக்கு அந்தக் கொல்லா மரத்துல நீ நிக்க மாட்ட மக்கா, நேரே குழிதான். இந்தத் தடவ நாலு இழ சணலு சேத்தேன்." அவர் கண் கலங்கியிருந்தது. "இருக்கா அது?"

பாக்கெட்டுக்குள் என் விரல்கள் அந்தத் துண்டுகளின் மேல் இருந்தன.

"இருக்குப்பா," என்றேன்.

மறுநாள் அவர் பழவங்காடிக்குப் போன நேரத்தில் குடோனுக்குள் போய், துண்டுகளை முடிந்து சேர்த்து, அதே இடத்தில் கட்டினேன். இந்தத் தடவை இரும்புக் குழாயை மட்டும் சுற்றி, கேபிளை விட்டுவிட்டு. மூட்டைக்காரர் கட்டைப் போட ஒரு மணி நேரம் முயன்றேன். வந்தது என்னுடைய கட்டுதான். இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஐம்பது வருஷம் விரலாலேயே கட்டைப் பார்த்து வாழ்ந்த ஒருவருக்கு வெளிச்சம் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கரண்ட் போயிருந்தது. லோடுகாரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நூறு பழைய சாக்கு எடுக்கக் குடோனுக்குப் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெளிச்சத்தில், அப்பா வண்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி. அவரை அப்படிப் பார்ப்பது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அவர் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினார். குனிந்து கேபிளைப் பார்த்தார். நேராக்கினார். மறுபடி இடது பக்கம் திருப்பினார். கேபிளின் கறுப்பு உறையில் சணல் கடித்த தடம் இருந்தது, அதை நான் கவனிக்காமல் விட்டிருந்தேன். அவர் விரல் அந்தத் தடத்தில் வந்து நின்றது. கேபிளை இரண்டு விரலால் குழாயோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மெதுவாக ஹேண்டிலைத் திருப்பினார். கேபிள் இழுபட்டதைப் பார்த்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

நான் சத்தம் காட்டாமல் கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்றைக்கும் அதற்காக என்னை நான் மன்னிக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அவர் வந்தார், பின்பக்கக் குழாயில் கையைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். பிறகு, "திருநெல்வேலி லோடு வந்துதா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

அடுத்த நாளிலிருந்து பழவங்காடிக்குப் போவது நின்றது. தெருவில் யாருடைய சைக்கிளையும் அவர் தொடவில்லை. மூட்டை கட்டினால் கட்டிய கையோடு கத்தியை எடுத்து அறுத்துவிட்டு, திரும்பத் தளர்வாகக் கட்டினார். லாரியில் வாய் திறந்து சாக்குகள் ரோட்டில் பறந்து, நாகர்கோவில்காரர்கள் போன் போட்டுச் சத்தம் போட்டார்கள். "முதலாளிக்கு எந்து பற்றி?" என்று லோடுகாரர்கள் என்னிடம் கேட்டார்கள், என்ன ஆச்சு என்று. வயசாகுது என்றேன். மாடியில் கொடிக்கயிறு தொய்ந்து அம்மாவின் சேலை தரையைத் தொட்டது. அவர் அதைத் தாண்டிப் போனார்.

நான் மேலும் இரண்டு வருஷம் டிராக்கில் ஓட்டினேன். ஒரு ஞாயிறு காலை, ஜீப் வாசலில் நிற்கும்போது, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, வாரை வேண்டுமென்றே மாட்டாமல், தாடைக்குக் கீழே தொங்கவிட்டபடி அவர் முன்னால் போய் நின்றேன். போய்ட்டு வாறேன் என்றேன். அவர் பேப்பரை இறக்கினார். தொங்குகிற வாரைப் பார்த்தார். அவர் கை இரண்டும் எழுந்தன, என் தாடைக்கு ஒரு சாண் தூரம்வரை வந்தன. நான் கழுத்தை நீட்டிக் கொடுத்தேன்.

கைகள் அங்கேயே நின்றன. பிறகு அவற்றை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

"நீயே மாட்டிக்கோ மக்கா," என்றார். "நான் வேண்டாம்."

வாரை நானே மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினேன்.